பைல் இங்கே, புரோகிராம் அங்கே!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக் கொள்ளும் புரோகிராம்களில் எக்ஸெல் ஒன்று. கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் மார்க், வயல் செலவு என்று எதையும் அதில் கட்டம் கட்டி எழுதி வைக்கலாம். கூட்டல், சராசரி வரை எக்ஸெல் போதும். அதற்கு மேல் போய், இருபது வருடக் கணக்கை அலசிப் பார்க்க வேண்டும் என்றால் புள்ளியியல் புரோகிராம்கள் தேவைப்படும். இப்போது இவற்றில் பல, நம் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யாமலேயே இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்தக் கிடைக்கின்றன. அங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. நம் எக்ஸெல் பைல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. புரோகிராமோ எங்கோ தொலைவில் உள்ள கம்ப்யூட்டரில் இயங்குகிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கூடவே, சாப்ட்வேர் இன்ஜினியரான நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்யாமல் இருக்கலாம் அல்லவா?

பெரியப்பாவின் மழை நோட்டு

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் வழியில் இருக்கிறது. கரிசல் பூமி. மானாவாரி விவசாயம். மழையை நம்பித்தான் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் பருத்தியும். என் பெரியப்பா தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். தினமும் காலை எட்டரை மணிக்கு அதைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளில் பூஜ்யம். இப்படி 2006 ஜனவரி முதல் ஒரு நாள் விடாமல் எழுதி வந்தார்.

பெரியப்பா மகள், என் தங்கை, கல்லூரியில் வேளாண்மை படிக்கிறாள். அந்த நோட்டுகளில் 2023 டிசம்பர் வரையிலான 18 வருடக் கணக்கை விடுமுறையில் உட்கார்ந்து எக்ஸெலில் டைப் செய்தாள். மொத்தம் 6,574 நாட்கள். எந்த வாரத்தில் விதைத்தால் நல்லது என்று அதிலிருந்து கண்டுபிடித்து, கல்லூரியில் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும்.

கரிசல் காட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே காய்ந்த மண்ணில் விதையை ஆழமாகப் போட்டு வைக்கும் பழக்கம் இங்கு உண்டு. மழை நனைத்ததும் அது முளைத்து விடும். ஈரத்தில் ஏர் இறங்காத மண் என்பதால் இந்த ஏற்பாடு. முன்பருவ விதைப்பு என்று இதைச் சொல்வார்கள். 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்காகப் பல காலமாக உழைத்து வரும் இடம். ஆனால் ஒரு தூற்றலுக்கு முளைத்துவிட்டு அடுத்த மழை வராவிட்டால், விதைக்கும் உழவுக்கும் போட்ட காசு மண்ணோடு போயிற்று. எனவே தேதி முக்கியம். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மழைக் கணக்கும் புள்ளியியலும் பழைய உறவினர்கள். இங்கிலாந்தில் 1843-இல் தொடங்கிய ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் பிஷர், அங்கே சேர்ந்து கிடந்த மழை, கோதுமை விளைச்சல் கணக்குகளை அலசித்தான் இன்றைய புள்ளியியல் முறைகள் சிலவற்றை உருவாக்கினார். நம் ஊர் நோட்டும் அந்த வகையில் ஒரு பொக்கிஷமே.

ஏன் பைல் கிடைக்கவில்லை?

தங்கையிடம் இருப்பது பழைய லேப்டாப். எனவே ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் புரோகிராமை இன்டர்நெட்டிலேயே பயன்படுத்தச் சொன்னேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கியது இது. இதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29-இல் வெளியானது. ‘ஆர்’ புரோகிராமை எளிதாக இயக்க ‘ஆர் ஸ்டுடியோ’ என்ற மேடை இருக்கிறது. ‘போசிட் கிளவுட்’ என்ற வெப்சைட்டில் அதைப் பிரவுசரிலேயே திறக்கலாம்.

இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது. “அண்ணே, பைல் சி டிரைவ்ல இருக்கு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஆனா ‘பாத் டஸ் நாட் எக்சிஸ்ட்’னு சொல்லுது. என் கண்ணு முன்னாடி இருக்குற பைல இல்லைங்குதுண்ணே!”

அவள் சொன்னதும் சரி, புரோகிராம் சொன்னதும் சரி. எப்படி என்கிறீர்களா? நீங்கள் மாவு மில்லுக்குப் போன் செய்து, “எங்கள் வீட்டுப் பரணில் மூன்றாவது பானையில் கம்பு இருக்கிறது, அரைத்து வையுங்கள்” என்று சொன்னால் மில்காரர் என்ன செய்வார்? அவர் தன் மில்லில்தான் தேடுவார். அங்கே பரணும் இல்லை, பானையும் இல்லை. பிரவுசரில் நீங்கள் பார்ப்பது மில்லின் ஜன்னல் மட்டுமே. அரைக்கும் இயந்திரம் தொலைவில் உள்ள சர்வர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் சி டிரைவைப் பார்க்க முடியாது. பார்க்க விடவும் கூடாது. கண்ட வெப்சைட்டும் உங்கள் டிரைவில் கை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரவுசர் அதைத் தடுத்து வைத்திருப்பது உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்தச் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் இயங்குபவை. அங்கே சி, டி என்ற டிரைவ் பெயர்களே கிடையாது. விண்டோஸில் பைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். எனவே கம்பை மில்லுக்குக் கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

வழி 1: அப்லோடு செய்வது

ஆர் ஸ்டுடியோவில் இதைச் செய்யும் முறை:

1. எக்ஸெலில் பைலை முதலில் சேவ் செய்து மூடுங்கள். சேவ் செய்யாத மாற்றங்கள் அப்லோடில் போகாது.

2. பைலுக்கு ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாத சின்னப் பெயர் வையுங்கள்.

3. போசிட் கிளவுடில் புதிய ஆர் ஸ்டுடியோ புராஜெக்ட் ஒன்றைத் திறங்கள். வலது கீழ்ப் பக்கத்தில் ‘பைல்ஸ்’ என்ற பகுதி இருக்கும். அதில் ‘அப்லோடு’ பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

4. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் உங்கள் பைலைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இந்த இடத்தில் மட்டும்தான் உங்கள் சொந்த டிரைவ் தெரியும். பைலின் பெயர் ‘பைல்ஸ்’ பட்டியலில் வந்து விட்டால் அது சர்வருக்குப் போய்ச் சேர்ந்து விட்டது என்று பொருள்.

5. இனி ‘பைல்’ மெனுவில் ‘இம்போர்ட் டேட்டாசெட்’, அதில் ‘பிரம் எக்ஸெல்’ கிளிக் செய்யுங்கள். முதல் முறை என்றால் கூடுதலாக ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்கும். எஸ் கொடுங்கள்.

6. அடுத்து வரும் விண்டோவில் ‘பிரவுஸ்’ அழுத்தினால் தெரிவது சர்வரில் உள்ள பைல்கள். உங்கள் வீட்டு பைல்கள் அல்ல. புதியவர்கள் பலரும் குழம்புவது இங்கேதான். அப்லோடு செய்த பைலைத் தேர்ந்தெடுங்கள். கீழே அதன் முன்தோற்றம் கிடைக்கும். ‘இம்போர்ட்’ கொடுத்தால் வேலை முடிந்தது.

பல பைல்களை ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டுமா? அவற்றை ஒரு ஜிப் பைலாக்கி அப்லோடு செய்யுங்கள். ஆர் ஸ்டுடியோவே அதைப் பிரித்து வைத்து விடும்.

ஒரு எச்சரிக்கை. அப்லோடு என்பது நகல் எடுப்பது. வீட்டில் உள்ள பைலில் நாளை ஒரு எண்ணைத் திருத்தினால் சர்வரில் உள்ளது திருந்தாது. மறுபடி அப்லோடு செய்ய வேண்டும். எது கடைசிப் பைல் என்ற குழப்பம் வராமலிருக்க, பெயரோடு தேதியையும் சேர்த்து வையுங்கள்.

வழி 2: இன்டர்நெட் டிரைவில் வைப்பது

அடிக்கடி மாறும் கணக்கு என்றால் பைலை கூகுள் டிரைவில் வைப்பது நல்லது. கூகுள் தரும் ‘கோலாப்’ என்ற இலவச வசதியில் பைத்தான் மொழியில் கணக்குப் போடலாம். அதன் இடது பக்கத்தில் உள்ள போல்டர் ஐகானைக் கிளிக் செய்தால், பைலை அப்லோடு செய்யவும் வழி இருக்கும். உங்கள் கூகுள் டிரைவை அதனுடன் இணைக்கவும் வழி இருக்கும். அப்லோடு செய்த பைல், கோலாப் இணைப்பு முடிந்ததும் அழிந்து விடும். டிரைவில் உள்ள பைல் அழியாது. எனவே இணைப்பதே மேல்.

வழி 3: ரிமோட் டெஸ்க்டாப்பில் நம் டிரைவையே காட்டுவது

கல்லூரி அல்லது அலுவலகத்தில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் புள்ளியியல் புரோகிராம் இருக்கிறது. அதை வீட்டிலிருந்து இயக்க உங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள் என்றால் இந்த வழி. விண்டோஸில் ‘ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன்’ திறந்து, ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ கிளிக் செய்யுங்கள். ‘லோக்கல் ரிசோர்சஸ்’ டேபில் ‘மோர்’ பட்டனை அழுத்தி, ‘டிரைவ்ஸ்’ என்பதில் வேண்டிய டிரைவை மட்டும் டிக் செய்யுங்கள். இணைந்ததும், தொலைவில் உள்ள கம்ப்யூட்டரின் பைல் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் டிரைவும் தெரியும். அங்கிருந்து பைலைத் திறக்கலாம். உங்கள் வீட்டில் ஹோம் பதிப்பு விண்டோஸ் இருந்தாலும் இப்படி இணையலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது புரொபஷனல் போன்ற பதிப்பாக இருக்க வேண்டும். பழக்கம் இல்லாத கம்ப்யூட்டருக்கு இப்படி டிரைவைத் திறந்து விடாதீர்கள்.

வழி 4: காப்பி செய்து ஒட்டுவது

சின்னக் கணக்கு என்றால் பைலே தேவையில்லை. ஹரியானாவில் ஹிசாரில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘ஓபிஸ்டாட்’ வெப்சைட் வேளாண் மாணவர்களுக்குப் பழக்கமானது. எக்ஸெலில் உள்ள எண்களைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, அங்குள்ள பெட்டியில் ஒட்டினால் போதும்.

நான் செய்த தவறு

கதைக்கு வருவோம். தங்கை முதல் வழிப்படி பைலை அப்லோடு செய்தாள். திறந்தால், தேதி இருக்க வேண்டிய காலத்தில் சில இடங்களில் 43595 என்பது போன்ற ஐந்து இலக்க எண்கள். நான் அலட்டிக் கொள்ளவில்லை. எக்ஸெல் தேதிகளை எண்களாகத்தான் வைத்திருக்கும். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக் கொண்டே வரும். “அந்தக் காலத்துக்கு ‘டேட்’ என்று வகை கொடு” என்றேன். கொடுத்தாள். நிறைய வார்னிங் வந்தது. “வார்னிங்தானே, எர்ரர் இல்லையே. விடு” என்றேன். மாதவாரியாக மழைப் படம் ஒன்று வரைந்தாள். வந்தது. நானும் தூங்கப் போய் விட்டேன்.

மறுநாள் காலை பெரியப்பா பேசினார். “ஏலே தம்பி, படத்தைக் காட்டுனா உன் தங்கச்சி. பன்னிரண்டு மாசமும் கிட்டத்தட்ட ஒரே மழையா நிக்குதே. மாசியிலயும் ஐப்பசியிலயும் ஒரே மழை பெஞ்சா நான் எதுக்குல புரட்டாசியில வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்?”

அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனால் எனக்குத் தெரியாத தவறு அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

என்ன நடந்தது? தங்கையின் லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. அங்கே முதலில் மாதம், பிறகு நாள். அவள் 05-10-2019 என்று அக்டோபர் 5-ஐ டைப் செய்தாள். எக்ஸெல் அதை மே 10 என்று எடுத்துக் கொண்டது. அதன் எண்தான் 43595. உண்மையில் அது 43743 ஆக இருக்க வேண்டும். சரி, 25-10-2019? இருபத்தைந்தாவது மாதம் கிடையாதே! எனவே எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்து விட்டது. ‘டேட்’ என்று வகை கொடுத்தபோது அந்த எழுத்துகளை எல்லாம் ‘ஆர்’ தூக்கிப் போட்டது. அதைத்தான் வார்னிங்காகச் சொன்னது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 365 நாட்களில் மாதத்தின் 13-ஆம் தேதிக்கு மேற்பட்ட நாட்கள், 13-ஐயும் சேர்த்து, 221. அவை காணாமல் போயின. மீதி 144-இல் 1-1, 2-2, 10-10 போல நாளும் மாதமும் ஒன்றாக உள்ள 12 மட்டும் சரி. 132 நாட்கள் மாதம் மாறிப் போயின. அக்டோபர் மழை ஒவ்வொரு மாதத்தின் 10-ஆம் தேதியிலும், நவம்பர் மழை 11-ஆம் தேதியிலும் சிதறி விட்டது. அதனால்தான் எல்லா மாதமும் சமமாகத் தெரிந்தது. இந்தப் படத்தை வைத்து அவள் அறிக்கை எழுதியிருந்தால் கல்லூரியில் மார்க் போயிருக்கும். இதை நம்பி யாராவது விதைத்திருந்தால் விதை போயிருக்கும்.

திருத்திய விதம்

நல்ல வேளையாக ஒரு நாள் விடாமல் வரிசையாக டைப் செய்திருந்தாள். எனவே திருத்துவது எளிதாக இருந்தது.

1. கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’ திறந்து, ‘பார்மட்’ என்பதில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ தேர்ந்தெடுத்தோம். எக்ஸெலை மூடித் திறந்தோம்.

2. தேதிக் காலத்தில் உள்ளதை எல்லாம் அழித்து விட்டு, முதல் கட்டத்தில் 2006-01-01 என்று டைப் செய்தோம். வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசையில் குழப்பத்துக்கு இடமில்லை.

3. அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்துக் கடைசி வரை இழுத்தோம். தேதிகள் தாமாக நிரம்பின.

4. தலைப்பு வரிசையோடு சேர்த்து 6,575-ஆவது வரிசையில் 2023 டிசம்பர் 31 வர வேண்டும். வந்தது. நடுவே நான்கைந்து இடங்களில் நோட்டோடு ஒப்பிட்டோம். சரியாக இருந்தது.

மறுபடி அப்லோடு. மறுபடி படம். இந்த முறை ஐப்பசியும் கார்த்திகையும் தலை நிமிர்ந்து நின்றன. பெரியப்பா பார்த்து விட்டு, “இது நம்ம ஊரு” என்றார். தங்கை அதன் பிறகுதான் வாரவாரியாகக் கணக்குப் போட உட்கார்ந்தாள். வேளாண் துறையில் வருடத்தை 52 வாரங்களாகப் பிரித்து, அக்டோபர் 1 முதல் 7 வரை உள்ளதை 40-ஆவது வாரம் என்பார்கள். தேதி பிசகினால் அந்தக் கணக்கு முழுவதும் பிசகும்.

அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

எக்ஸெலில் தேதிகள் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நின்றால் அவை தேதிகள். இடது பக்கம் ஒட்டி நின்றால் வெறும் எழுத்துகள். நீங்களாக இடம் மாற்றாதவரை இந்த அடையாளம் பொய் சொல்லாது.

மழை இல்லை என்றால் பூஜ்யம். அளக்கவில்லை என்றால் காலியாக விடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. சராசரியே மாறி விடும்.

முதல் வரிசையில் தலைப்பு மட்டும் இருக்கட்டும். அலங்காரத்துக்காகக் கட்டங்களை ஒன்று சேர்க்க வேண்டாம். அடியில் கூட்டுத்தொகை வரிசை வேண்டாம். அதையும் ஒரு நாள் மழையாகவே புரோகிராம் எடுத்துக் கொள்ளும்.

சி.எஸ்.வி. பைலாகச் சேவ் செய்தால் திறந்திருக்கும் ஒரு ஷீட் மட்டுமே போகும். பார்முலாக்கள் போகாது, விடைகள் மட்டும் போகும். தமிழ் எழுத்துகள் இருந்தால் ‘சி.எஸ்.வி. யூ.டி.எப்.-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சி.எஸ்.வி.யில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகி விடும். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் டைப் செய்தவற்றை யூனிகோடுக்கு மாற்றி விட்டு அனுப்புங்கள்.

பிறருடைய பெயர், போன் எண், ஆதார் எண் உள்ள காலங்களை அழித்து விட்டு அப்லோடு செய்யுங்கள். தீப்பெட்டி ஆபீஸ் கூலிக் கணக்கோ, கடலைமிட்டாய்க் கடைப் பற்று வரவோ, கணக்குப் போட எண்கள் போதும். ஆட்களின் பெயர் சர்வருக்கு எதற்கு?

கடைசியாக ஒன்று. அப்லோடு ஆனதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். வரிசைகளின் எண்ணிக்கை வீட்டில் உள்ளதும் அங்கே உள்ளதும் ஒன்றா? மொத்தக் கூட்டுத்தொகை ஒன்றா? முதல் தேதியும் கடைசித் தேதியும் ஒன்றா? இரண்டு நிமிட வேலை. இதைச் செய்திருந்தால், மழையை அளந்தவரே எனக்குத் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டி வந்திருக்காது. வார்னிங் வந்தால் படித்துப் பாருங்கள். படம் வந்ததும், அந்த வேலையை அறிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டி விடுங்கள்.

உங்களிடம் உள்ள ஒரு சின்ன எக்ஸெல் பைலை வைத்து இன்றே இதைச் செய்து பாருங்கள்.